ஃபிரான்சைஸ் எடுக்கப் போறீங்களா? 'உங்க ஏரியா' எதுவரைன்னு பாருங்க

பெங்களூரு கோரமங்களாவில் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு லோன் வாங்கி ஒரு டீக்கடை பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுக்கிறீர்கள். "இந்த ஏரியா முழுக்க உங்களுக்குத்தான் சார்" என்கிறார் கம்பெனி ஆள். ஆறே மாதத்தில் அடுத்த தெருவில் அதே போர்டு. தடுக்க முடியுமா?

வாய்ப்பேச்சை வைத்து வாதாடுவது கஷ்டம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அமெரிக்காவில், ஏரியா உரிமை உண்டா இல்லையா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். இங்கே நாமதான் கேட்டு வாங்கணும்.

முதலில் எல்லை. 'கோரமங்களா' என்றால் எந்த பிளாக்? பின்கோடு அல்லது கோடு போட்ட மேப்பை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற வார்த்தை. பலர் ஏமாறுவது இதில்தான். 'வேறு ஃபிரான்சைஸிக்குத் தர மாட்டோம்' என்று மட்டும் இருந்தால், கம்பெனியே அங்கே சொந்தக் கடை திறக்கலாம். மால், மெட்ரோ ஸ்டேஷன், கிளவுட் கிச்சன் எல்லாம் விதிவிலக்கா? உங்கள் பின்கோடுக்கு வரும் ஸ்விகி, ஸொமாட்டோ ஆர்டர் யாருக்குப் போகும்? இதையும் எழுத்தில் வாங்குங்க.

விற்பனை இலக்கைத் தொடாவிட்டால் ஏரியா உரிமை போய்விடும் என்று ஒரு வரி எங்காவது இருக்கலாம். அந்த இலக்கு நடக்கிற காரியமா என்று, அதே பிராண்டை ஏற்கெனவே நடத்தும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.