நாய்த் தொல்லைக்குக் கொலை தீர்வல்ல

சங்கரன்கோவில் வட்டாரத்தின் மானாவாரிக் கரிசல் பூமியில், மழை பொய்த்த ஆண்டிலும் சிறு விவசாயிக்குக் கைகொடுப்பது ஆடு. இரவில் தெரு நாய்கள் பட்டிக்குள் புகுந்தால் அந்த வருமானம் ஒரே நாளில் போய்விடும். ஆத்திரத்தில் இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைப்போரும் உண்டு. அதைத் தின்று காவல் நாயும், காகமும், மயிலும்கூடச் சாகும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றமாகும்.

சென்னை கண்ட வழி

சென்னை மாநகராட்சி பல ஆண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. எண்ணிக்கை குறையவில்லை. கொன்ற நாயின் இடத்துக்கு, உணவு கிடைக்கும்வரை, வேறு நாய்கள் வந்து குட்டி போடுகின்றன.

1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு வேறு வழியைக் கூறியது. காயம்பட்ட, கைவிடப்பட்ட பிராணிகளுக்குப் புகலிடமும் சிகிச்சையும் தரும் இந்த அமைப்பு, 1964 முதல் நாய்களுக்குக் கருத்தடையை வலியுறுத்தியது. நாயைப் பிடித்து, அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பதே அந்த முறை. 1996இல் சென்னை மாநகராட்சி இதை ஏற்றது. 2001இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. அவற்றுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. கருத்தடை செய்த நாயைக் காதில் வெட்டிய அடையாளத்தால் அறியலாம்.

விவசாயிகள் செய்யவேண்டியவை

1. நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்களே. எனவே சில நாய்களுக்கு மட்டும் கருத்தடை செய்தால் பயனில்லை. ஊரிலுள்ள பெரும்பாலான நாய்களுக்குச் செய்யும்படி உள்ளாட்சி நிர்வாகத்திடம் ஊரார் சேர்ந்து மனு கொடுக்கவேண்டும்.

2. கிடைக் காவல் நாய்க்கும் வீட்டு நாய்க்கும் மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், பிறகு கால்நடை மருத்துவர் கூறும்படி ஆண்டுதோறும் ஊசியும் போடவேண்டும்.

3. செத்த கோழி, நஞ்சுக்கொடி, இறைச்சிக் கழிவு ஆகியவற்றை ஆழமாகப் புதைக்கவேண்டும். பட்டியைச் சுற்றி நாய் நுழையாத வலையோ முள்வேலியோ அமைப்பது நல்லது.

4. நாய் கடித்த ஆட்டின் காயத்தைக் கையுறை அணிந்து சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் தவிக்கும் மாட்டின் வாய்க்குள் கைவிடலாகாது. அது வெறிநோயாக இருக்கலாம்.

5. மனிதரைக் கடித்தாலும் இவ்வாறே கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி தடவக்கூடாது. அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிது. ஆகவே ஒரு நாளும் தாமதிக்கலாகாது.