முறுக்குதலும் பிழிதலும்: 'வ்ரிங்' என்னும் ஆங்கில வினையின் பொருளும் மூலமும்

ஈரத் துணியை இரு கைகளாலும் முறுக்கி நீரை வெளியேற்றும் செயலை ஆங்கிலம் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறது. அச்சொல் இன்று 'ரிங்' என்றே ஒலிக்கப்பெறுகிறது. எனினும், எழுத்தில் வகர ஒலிக்குரிய எழுத்து முன்னிற்பதால் இக்கட்டுரையில் அது 'வ்ரிங்' எனக் குறிக்கப்படுகிறது. அகராதி வழியே 'முறுக்கு', 'பிழி' என்னும் இரு பொருள்களையும் அறிந்த மாணவர், மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'அவள் கைகளைப் பிழிந்தாள்' என எழுதிவிடுகின்றனர். இப்பிழைக்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. இரு மொழிகளும் ஒரே செயலை வெவ்வேறு இடங்களில் பகுத்துள்ளன என்பதே இதன் அடிப்படைக் காரணமாகும்.

'வ்ரிங்' என்பதில் முறுக்குதல் செயலின் முறை. உள்ளிருப்பது வெளிவருதல் அதன் விளைவு. இரண்டும் பிரியாமல் நிற்கின்றன. தமிழிலோ 'பிழி' விளைவை மட்டுமே நோக்குகிறது. எலுமிச்சையைப் பிழிகிறோம், தேங்காய்ப்பால் பிழிகிறோம், இடியாப்பமும் பிழிகிறோம். இவற்றுள் எதற்கும் 'வ்ரிங்' பொருந்தாது. 'முறுக்கு' என்பதோ திருப்புதலை மட்டும் சுட்டும். கயிற்றையோ மீசையையோ முறுக்கினால் எதுவும் வடிவதில்லை. (முறுக்கு என்னும் பலகாரத்தை நாம் பிழிந்தே செய்கிறோம். அதன் பெயர் வடிவத்தால் அமைந்தது. வினை செய்முறையால் அமைந்தது.)

ஆகவே செயப்படுபொருளை நோக்கியே தமிழ் வினையைத் தேர்தல் வேண்டும். துணியைப் பிழியலாம், கோழியின் கழுத்தைத் திருக வேண்டும். கவலையாலோ துயராலோ கைகளை 'வ்ரிங்' செய்பவர் தமிழில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஒருவரிடமிருந்து பணத்தை 'வ்ரிங்' செய்தல் பணம் கறத்தலாகும். வாக்குமூலமாயின் வலிந்து பெறுதல் எனலாம். நெஞ்சுக்கு மட்டும் 'பிழி', 'பிசை' ஆகிய இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன.

இனி, இச்சொல்லின் மூலத்தை நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் இது 'வ்ரிங்கன்' என வழங்கியது. அக்காலத்தில் இதன் பொருள் பிழிதலுக்கு மிக அணுக்கமாக இருந்தது; திராட்சை பிழியும் பொறிக்கு 'வீன்வ்ரிங்கெ' என்றே பெயர். சங்க இலக்கியத்தில் 'பிழி' என்னும் பெயர் கள்ளையும் குறித்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. டச்சு மொழியில் 'வ்ரிங்கென்' இன்றும் முறுக்கிப் பிழிதலைக் குறிக்கிறது. ஜெர்மனில் முதல் ஒலி கெட்டு 'ரிங்கன்' ஆகி, மல்லாடுதல், போராடுதல் என்னும் பொருள்களைப் பெற்றுள்ளது.

ஆங்கிலத்தில் இம்முதல் ஒலி பதினேழாம் நூற்றாண்டளவில் பேச்சில் மறைந்தது. எழுத்து மட்டும் எஞ்சியது. மோதிரம் அல்லது வளையத்தைக் குறிக்கும் 'ரிங்', மணியடித்தலைக் குறிக்கும் 'ரிங்' ஆகிய இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஹகர ஒலியில் தொடங்கியவை. வேறுவேறான மூன்று சொற்கள் ஒலித்தேய்வால் ஓரொலிச் சொற்களாயின. வளையமும் முறுக்குதலும் வளைவோடு தொடர்புடையவை என்பதால் அவற்றை ஒரே வேரினவாகக் கொள்ளத் தோன்றும். ஒலியொப்புமையை நம்பிச் சொல்லாய்வு செய்வோர் வழுக்கும் இடம் இதுவே.

உண்மையான உறவு பலர் எதிர்பாராத இடத்தில் உள்ளது. தவறு என்னும் பொருளுடைய 'ராங்' என்ற ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து பழைய ஆங்கிலத்தின் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அங்கு அதன் பொருள் 'கோணலானது', 'நேர்மையற்றது' என்பதாகும். 'வ்ரிங்' தோன்றிய வேரே அதற்கும் வேர். அதன் எதிர்ச்சொல்லான 'ரைட்' மூலத்தில் நேரானதைக் குறித்தது. தமிழாசிரியருக்கு இது புதிய சிந்தனையன்று. 'கொடு' என்பது வளைவு. அதிலிருந்தே 'கொடுமை' பிறந்தது. திருக்குறளில் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மை அமைந்துள்ளது. முன்னது நேரான கோல்; பின்னது வளைந்த கோல். நடுவுநிலை தவறாமையைக் 'கோடாமை' என்பதும் இக்கருத்தின் வழிப்பட்டதே.

இவ்வொற்றுமையைக் கொண்டு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேர்ச்சொல் உறவு கற்பிக்க இடமில்லை. வளைந்ததைத் தீமையாகக் காணும் நோக்கு பிற மொழிகளிலும் தனித்தனியே தோன்றியுள்ளது. ஆங்கிலச் சட்ட மரபில் உரிமையியல் தீங்கைக் குறிக்கும் 'டோர்ட்' என்னும் சொல் பிரெஞ்சு வழி வந்தது. அதன் இலத்தீன் மூலவினைக்கும் முறுக்குதல் என்பதே பொருள்.