கரை ஒதுங்கிய கமோமே

கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள், பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு படப் புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கானது. ஆங்கிலம், ஜப்பானியம் இரண்டிலும் எழுதியிருந்தது. "இது உனக்குத்தாம்மா, படிச்சுப் பாரு" என்றாள்.

நாகப்பட்டினம் கடலோரப் பள்ளிகளில் 31 வருஷம் புவியியல் நடத்தியவள் நான். 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளி திறந்த அன்று, வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயரோடு வாசிப்பதை நிறுத்திவிட்டவள். அந்தப் புத்தகத்தை அன்றிரவே இரண்டு தடவை படித்தேன்.

அதில் இருந்தது நடந்த கதை. 2013 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் வடகோடியில் உள்ள கிரெசன்ட் சிட்டி என்ற சிறு துறைமுக ஊரில் ஒரு படகு கரை ஒதுங்கியது. ஆறு மீட்டர் நீளம் இருக்கும். உள்ளே ஆள் இல்லை. படகின் உடல் முழுக்க நீளக் கழுத்துள்ள கடல் ஓட்டுயிர்கள் அப்பிக்கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஜப்பானிய எழுத்துகள் தெரிந்தன. லோரி டெங்லர் என்ற நிலவியல் பேராசிரியர், ஜப்பானின் ரிகுசென்டகாடா நகரத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் படங்களை அனுப்பினார். அந்த நகரத்துக்காக வேலை செய்துகொண்டிருந்த அமியா மில்லர் மூலம் பதில் வந்தது: இது எங்கள் டகாடா மேல்நிலைப் பள்ளியின் படகு. கடலியல் படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துப்போவது. பெயர் கமோமே. ஜப்பானிய மொழியில் கடற்காகம் என்று அர்த்தம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய சுனாமியில் கடல் கொண்டுபோன படகு, இரண்டு வருஷம் கழித்துச் சுமார் 7,500 கிலோமீட்டர் தள்ளிக் கரையேறியிருக்கிறது. வரைபடம் வைத்திருப்பவர்கள் விரலால் தொடர்ந்து பாருங்கள். ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ நீரோட்டம் கிழக்கே திரும்பி, வட பசிபிக் நீரோட்டமாக அமெரிக்கா வரை போகிறது. 31 வருஷமும் இதைக் கரும்பலகையில் அம்புக்குறியாகத்தான் போட்டேன். அந்த அம்புக்குறியில் ஒரு பள்ளிக்கூடத்துப் படகு ஏறி வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிரெசன்ட் சிட்டியின் டெல் நோர்ட்டே மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் படகைச் சுத்தம் செய்ய முன்வந்தார்கள். இதை யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். படகில் அப்பிய ஓடுகளைச் சுரண்டுவதை எங்கள் ஊரில் நான் தினமும் பார்த்திருக்கிறேன். தகட்டை அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் படகின் மேல்பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி விரலைக் கீறும், கீறிய இடத்தில் உப்பு எரியும். செத்த உயிரின் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. யாரென்றே தெரியாத பிள்ளைகளின் படகுக்காக அந்தப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். அப்புறம், படகைத் திருப்பி அனுப்பியே தீர்வது என்று இறங்கினார்கள்.

ஏன் செய்தார்கள்? அந்த ஊரின் கதை தெரிந்தால் புரியும். 1964 மார்ச்சில் அலாஸ்காவில் 9.2 அளவில் பூமி அதிர்ந்தது. அன்றிரவு கிரெசன்ட் சிட்டிக்கு அலை வந்தது. முதல் அலைகள் வடிந்ததும், முடிந்தது என்று நினைத்துச் சிலர் கடைகளைச் சுத்தம் செய்யத் திரும்பிவந்தார்கள். நான்காவது அலைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 11 பேர் இறந்தார்கள். 2011-இல் ரிகுசென்டகாடாவை அழித்த அதே சுனாமி, கடலைக் கடந்து வந்து கிரெசன்ட் சிட்டி துறைமுகத்தையும் நொறுக்கியது. பின்வாங்கும் கடலை நம்பக் கூடாது என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ரிகுசென்டகாடா பக்கம் இழப்பு சொல்லி மாளாது. 24,000 பேர் வாழ்ந்த ஊரில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கடற்கரையில் 70,000 பைன் மரங்கள் இருந்த தோப்பில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. டகாடா பள்ளிக் கட்டடமும் அழிந்து, பிள்ளைகள் பக்கத்து ஊரான ஓஃபுனாட்டோவில் ஒரு பழைய பள்ளியில் படித்தார்கள். 2013 அக்டோபரில் கமோமே கப்பலில் வந்து சேர்ந்தபோது, பள்ளியின் பழைய வாழ்விலிருந்து ஏதோ ஒன்று முழுசாகத் திரும்பியிருந்தது.

2014 தொடக்கத்தில் டெல் நோர்ட்டே மாணவர்கள் சிலர் ரிகுசென்டகாடா போனார்கள். பிறகு டகாடா மாணவர்கள் கிரெசன்ட் சிட்டிக்கு வந்தார்கள்.

அமெரிக்கப் பிள்ளைகளும் ஜப்பானியப் பிள்ளைகளும் இப்படிப் போய்வருவது புதிதில்லை. 1955-இல் செயின்ட் பாலும் நாகசாகியும் சகோதர நகரங்களானது முதல், எத்தனையோ ஊர்கள் அப்படிக் கைகோத்திருக்கின்றன. ஜப்பானுக்குப் போகிற பிள்ளைகள் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும், வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், உடம்பைக் கழுவிக்கொண்ட பிறகே குளியல் தொட்டியில் இறங்க வேண்டும், ஏனென்றால் அதே வெந்நீரில்தான் வீட்டில் எல்லோரும் முறைவைத்து இறங்குவார்கள். பள்ளியில் வகுப்பறையையும் நடைபாதையையும் மாணவர்களே துடைப்பார்கள். இதையெல்லாம் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு படகைக் குனிந்து கழுவிய கைகளோடு போகிறவர்களுக்கு அந்தத் துடைப்பமும் வாளியும் அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

2005-இல் எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவர் குழு வந்தது. நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். அழைத்து வந்தவர்கள்தான் எங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேனா கொடுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் கோலாட்டம் ஆடிக் காட்டினோம். அரை நாளில் வண்டி கிளம்பிவிட்டது. யாருக்கும் யார் பெயரும் தெரியாது. சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுத்திருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான். வலை காயப்போடவாவது விட்டிருக்கலாம். வாங்குகிற கை, கொடுக்கிற கை என்று பிரித்துவிட்டால் அங்கே சிநேகம் எப்படி வளரும்? கமோமே விஷயத்தில் யாரும் தானம் கொடுக்கவில்லை. ஒருவர் பொருளை இன்னொருவர் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். 2018-இல் அந்த இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாகக் கையெழுத்திட்டன. பெரியவர்கள் போட்ட கையெழுத்துதான். ஆனால் முதலில் கையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போகிறேன். புத்தகத்தை ஏழாம் வகுப்புக்கு எடுத்துப்போய்ப் படம் காட்டிக் கதை சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"படகுல பேரு எழுதாம இருந்திருந்தா திரும்பி வந்திருக்காதுல்ல டீச்சர்?"

"வந்திருக்காதுப்பா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துச் சாயங்காலம் கரையில் நடந்தபோது அவன் அப்பாவின் ஃபைபர் படகைப் பார்த்தேன். பதிவு எண்ணுக்குக் கீழே நீலப் பெயிண்டில், வரி கோணலாக, எங்கள் பள்ளியின் பெயர், ஊர், மாவட்டம், எல்லாம் தமிழில் இருந்தது. அவன் பக்கத்திலேயே வலைக்கு மேல் உட்கார்ந்திருந்தான்.

"இங்கிலீஷ்லயும் எழுதியிருக்கலாமேடா" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? அவங்க அவங்க பாஷையிலதானே எழுதியிருந்தாங்க?" என்றான்.