இசைத்தட்டு உறையில் யார், உறைக்குப் பின்னால் யார்?

‘ஸ்கொயரிங் த சர்க்கிள்’ 2022-இல் வெளிவந்த ஆவணப்படம். 1968-இல் லண்டனில் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ராக் இசைத்தட்டுகளுக்கு உறை வடிவமைத்த ‘ஹிப்னாசிஸ்’ நிறுவனத்தின் கதை அது. ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல் என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கியதில் பீட்டர் கிறிஸ்டோபர்சன் பின்னர் மூன்றாவது பங்குதாரரானார். பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) உறையில் முப்பட்டகம் ஒளியைப் பல நிறங்களாகப் பிரிக்கும் படம் அவர்களுடைய யோசனை; வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. இரண்டு ஆண்டு கழித்து ‘விஷ் யூ வேர் ஹியர்’ உறைக்காக ஒரு சண்டைக் கலைஞரின் உடையில் நிஜமாகவே தீ வைத்துப் படம் பிடித்தார்கள். கணினியில் ஒட்டிச் சேர்க்கும் வசதி அப்போது ஏது?

படத்தை இயக்கிய நெதர்லாந்துக்காரர் ஆன்டன் கோர்பைன், பல இசைக்குழுக்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். டேவிட் கில்மோர், ரோஜர் வாட்டர்ஸ், ஜிம்மி பேஜ், பால் மெக்கார்ட்னி, பீட்டர் கேப்ரியல் என்று பெரிய பெயர்கள் வரிசையாக வந்து பேசுகின்றன. பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் வயது முதிர்ந்த வெள்ளைக்கார ஆண்கள். புகைப்படக் கலைஞர் ஜில் ஃபர்மனோவ்ஸ்கி போன்ற பெண்கள் அபூர்வம். கறுப்பினத்தவரின் குரல் அதைவிட அபூர்வம்.

இதற்கு இயக்குநரை மட்டும் குறை சொல்ல முடியாது. நிறுவனத்தை நடத்தியவர்கள் ஆண்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பிரிட்டனின் ஆண் இசைக்குழுக்கள். நடந்ததைச் சொல்லும் படத்தில் அந்தக் குறுகலும் பதிவாகத்தான் செய்யும்.

ஆனால், உறைகளை வடிவமைத்த இடத்தில் பெண்கள் குறைவே தவிர, உறைகளின் மேல் அவர்களுக்குக் குறைவே இல்லை. அதுவும் பெரும்பாலும் வெறும் உடலாக. ஸ்கார்பியன்ஸ் குழுவின் ‘லவ்டிரைவ்’ (1979) ஹிப்னாசிஸ் செய்ததுதான். காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் திறந்த மார்பிலிருந்து ஆணின் கைவரை பபிள்கம் இழுபட்டு நிற்கும் படம் அது. குறும்பு என்று சிரித்து ஒதுக்கியவர்கள் அன்று உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. உறைக்கு வெளியே விளம்பரத்திலும் இதே போக்குதான்: 1976-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பிளாக் அண்ட் ப்ளூ’ தட்டுக்காக, கட்டிவைக்கப்பட்டு உடம்பில் காயத்துடன் இருக்கும் பெண்ணின் விளம்பரப் பலகையை லாஸ் ஏஞ்சல்ஸில் நிறுத்தினார்கள். பெண்கள் அமைப்பினர் திரண்டு போராடிய பிறகே பலகை இறங்கியது.

இசைக்கலைஞர் விரும்பியதுகூட உறைக்கு வராமல் போவதுண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லிண்டா ஈஸ்ட்மன் எடுத்த படத்தை ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ (1968) உறையில் போடச் சொன்னார். நியூயார்க் சென்ட்ரல் பார்க் சிலையருகே குழந்தைகளோடு இசைக்குழு அமர்ந்திருக்கும் படம் அது. பிரிட்டனில் வெளிவந்த உறையிலோ நிர்வாணப் பெண்களின் கூட்டம். ஹெண்ட்ரிக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. அந்த லிண்டாதான் பின்னாளில் மெக்கார்ட்னியை மணந்தவர்.

முந்தைய ஆண்டின் ‘ஆக்ஸிஸ்: போல்ட் அஸ் லவ்’ உறை நம் ஊர் நாள்காட்டிகளில் காணும் விசுவரூபப் படத்தை அப்படியே எடுத்து, நடுவில் ஹெண்ட்ரிக்ஸின் முகத்தைப் பொருத்தியது. அவருக்கு அதிலும் நிறைவில்லை. தன் முன்னோர்களான அமெரிக்கப் பழங்குடியினரைக் காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். இப்படி ஒருவருடைய தெய்வம் வெறும் அலங்காரமானது, இன்னொருவருடைய பூர்வீகம் இடம்பெறாமலே போனது.

ஒரே நிறுவனத்தைப் பற்றிய படத்தில் எல்லாரையும் தேடுவது நியாயமாகாது. ஆனால் ராக் உறைக்கலையின் வரலாறு என்றாலே திரும்பத் திரும்ப லண்டனின் இந்த மூவரைச் சுற்றியே கதை ஓடுவது குறைதான். எழுபதுகளில் நியூயார்க்கின் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸில் கலை இயக்குநராக இருந்த பவுலா ஷெர், கோடிக்கணக்கில் விற்ற ‘பாஸ்டன்’ (1976) உறைக்குப் பொறுப்பானவர். ‘டார்க் சைட்’ வெளியான அதே 1973-இல், சிகாகோவின் கறுப்பின ஓவியர் பெட்ரோ பெல் ஃபங்கடெலிக் குழுவின் ‘காஸ்மிக் ஸ்லாப்’ உறையை வரைந்தார். விசித்திர உயிர்களும் விண்வெளியும் அரசியல் கிண்டலும் நெரிசலாகப் புரளும் கோட்டோவியம் அவருடையது. உறையின் உட்பக்கக் குறிப்புகளையும் அவரே புனைபெயரில் எழுதி, குழுவுக்கென்று தனிப் புராணமே படைத்தார். பெல் 2019-இல் இறந்தார். கடைசி ஆண்டுகள் பார்வை மங்கி, வறுமையில் கழிந்தன.