நலம், நலமறிய ஆவல்

நண்பகல் வேளையில் தெருமுனையில் ஒலிக்கும் தபால்காரரின் மிதிவண்டி மணிக்காக நம் இல்லங்கள் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. நீலநிற இன்லண்டு கடிதத்தை மடிப்புக் கிழியாமல் பிரித்து ஒருவர் உரக்கப் படிப்பார். பாட்டி முதல் பேரன் வரை சூழ அமர்ந்து கேட்பர். தாளின் உச்சியில் சிறு சிலுவை. அதனடியில் ‘சேசு மரி சூசை துணை’. பின்னர், ‘இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் யாவரும் நலம், அவ்விட நலமறிய ஆவல்’. செய்தி சிறிதேயாயினும் கடிதம் பன்முறை படிக்கப்பெற்று, சுவரில் தொங்கும் கம்பியில் கோத்து வைக்கப்படும்.

இன்று கைப்பேசியில் நொடிப்பொழுதில் செய்தி வந்து சேர்கிறது. இதனை நாம் குறை கூற வரவில்லை. கடல் கடந்து உழைக்கும் தந்தை தம் குழந்தையின் முகத்தை அன்றாடம் கண்டு பேச முடிவது இறைவன் அருளிய நன்மையே. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோதும் வருந்தியோர் சிலரே. தந்தி என்றாலே நடுங்கிய இல்லங்கள் அல்லவா நம்முடையவை! ஆயினும், வசதி பெருகியபோது நாம் இழந்தது ஒன்றுண்டு.

எம் அன்னையார் மாதம் தவறாமல் எமக்குக் கடிதம் எழுதுவார். ஒரு முறை, ‘நான் நலமாயிருக்கிறேன், வீண் செலவு செய்து வரவேண்டாம்’ என்று எழுதியிருந்தார். ஆனால், கோடிட்டாற்போல் நேராகச் செல்லும் அவருடைய வரிகள் அன்று சரிந்திருந்தன. எழுத்துகள் நடுங்கியிருந்தன. பாதியில் பேனாவைக் கீழே வைத்து, இளைப்பாறித் தொடர்ந்த இடமும் தெரிந்தது. சொற்கள் மறைத்ததைக் கையெழுத்து உரைத்துவிட்டது. அன்றிரவே புறப்பட்டோம். அவருடைய இறுதி மூன்று வாரங்கள் உடனிருக்கவும், பங்குக் குருவை அழைத்து நோயில்பூசுதல் பெறச் செய்யவும் எமக்குப் பேறு கிட்டியது. அதே சொற்கள் கைப்பேசித் திரையில் வந்திருந்தால், நலமென்றே நம்பி இருந்திருப்போம்.

கையெழுத்தில் எழுதியவரே குடிகொண்டிருக்கிறார் என்பதைப் புனிதர்களும் உணர்ந்திருந்தனர். பிறரைக்கொண்டு திருமுகங்களை எழுதுவித்த புனித சின்னப்பர், கலாத்தியருக்கு எழுதியதன் இறுதியில் தாமே எழுதுகோலை ஏந்திப் பெரிய எழுத்துகளில் எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும் அயராது மடல் வரைந்தவர். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 20க்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. மக்களிடம் பொறுமையும் அன்பும் காட்டுமாறு அவற்றில் அறிவுறுத்துகிறார்.

பின்னர், கீழ்த்திசைத் தீவுகளில் தனித்து உழைத்தபோது, தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்முடன் சுமந்து திரிந்தார். 1546 மே 10ஆம் நாள் அம்போயினாவிலிருந்து வரைந்த மடலில் இதனை அவரே தெரிவிக்கிறார். தோழர்களின் கையால் எழுதப்பட்ட அப்பெயர்களே தனிமையில் அவருக்குத் துணை!

கடிதத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சினத்தில் தட்டிவிட்ட செய்தி மறுநொடியே அடுத்தவர் நெஞ்சைச் சுடுகிறது. சினத்தில் எழுதிய கடிதமோ தபால்பெட்டியைச் சேரும்வரை நம் கையில் இருக்கும். கிழித்தெறிய அவகாசம் தரும்.

அன்பு வாசகர்களே, கைப்பேசியைத் துறக்க வேண்டியதில்லை. இம்மாதம் ஒரேயொரு கடிதம் எழுதுவோம். விடுதியில் தங்கிப் பயிலும் மகளுக்கு, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு, புதுநன்மை வாங்கும் பேரக்குழந்தைக்கு, மனத்தாங்கலால் பேச்சற்றுப்போன உடன்பிறப்புக்கு என எவருக்காயினும் எழுதலாம். அழகிய கையெழுத்து வேண்டுமென்பதில்லை. நம் கையெழுத்தாயிருந்தால் போதும். அடியில் நம் பெயரைத் தெளிவாக எழுதுவோம். அதனைப் பொன்போல் பேணப்போகிறவர் எவரோ, யார் அறிவார்!