தலைவலி மாத்திரையில் கோதுமை இருக்கிறதா?

பாராசிட்டமால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் பெரும்பாலும் ஒரு வரி: ‘எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.’ துணைப்பொருள்கள், தேவையான அளவு என்று அர்த்தம். என்ன துணைப்பொருள், எதிலிருந்து எடுத்தது என்ற விவரம் இருக்காது. சீலியாக் நோய் உள்ளவர் தெரிந்துகொள்ள வேண்டியதோ அதுதான்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்த நோய் உள்ளவர்களின் சிறுகுடல் உட்சுவரை அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும். 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றின்படி வடக்கே ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். அதனாலேயே நம் ஊர் மருந்துக்கடைகளில் கேட்டால், என்ன கேட்கிறீர்கள் என்று முழிப்பார்கள்.

மருந்துத் தூளை மட்டும் அழுத்தினால் மாத்திரை உதிர்ந்துவிடும். தூளைப் பிடித்துவைக்கவும், வயிற்றுக்குள் போனதும் உடைந்து கரையவும் ஸ்டார்ச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி இவற்றிலிருந்து வருவது. இவற்றில் க்ளூட்டன் இல்லை. கோதுமை ஸ்டார்ச்சும் பயன்படுத்தலாம், அரிதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், விழுங்கும் மருந்துகளில் யாரும் கோதுமை மாவையோ க்ளூட்டனையோ வேண்டுமென்றே சேர்த்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்றது. கோதுமை ஸ்டார்ச் இருந்தாலும் ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராம் க்ளூட்டனுக்கு மேல் வராது என்றும் கணித்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோரின் குடலுக்குச் சேதமில்லை என்பது பொதுவான மருத்துவக் கருத்து. ஒரு சப்பாத்தியிலோ இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். எனவே பயந்துபோய்க் காய்ச்சலோடு மாத்திரை போடாமல் கிடப்பது வீண் அவஸ்தை.

அபாயம் சிறியது என்பதால் கேட்கும் உரிமை சிறியதாகிவிடாது. உணவுப் பாக்கெட்டில் க்ளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்; ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாத்திரைக்கு இந்த விதி கிடையாது. 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் தெரிய வேண்டும். ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனில் பாராசிட்டமால் டப்பாவுக்குள் வைக்கும் தாளில் துணைப்பொருள்கள் அத்தனையும் இருக்கும். இங்கே மட்டும் அதை அச்சிட இடமில்லையா?

ஆகவே எழுதிக் கேளுங்கள். அட்டையில் ‘மார்க்கெட்டட் பை’ என்று ஒரு முகவரியும் ‘மேனுஃபேக்சர்ட் பை’ என்று வேறொன்றும் இருக்கலாம்; இரண்டுக்கும் அனுப்புங்கள். “க்ளூட்டன் இருக்கா?” என்று மொட்டையாகக் கேட்டால் “இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மாத்திரையின் பெயர், வீரியம், பேட்ச் எண் குறிப்பிட்டு, இதில் சேர்த்த ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட் எந்தப் பயிரிலிருந்து வந்தவை என்று கேளுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், செல்லுலோஸ், லாக்டோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் இவற்றுக்காகக் கவலை வேண்டாம். கடைக்காரர் “அது இல்லை, இது ரெண்டும் ஒண்ணுதான்” என்று வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், மருந்து ஒன்றுதான், துணைப்பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தைலமும் ஸ்பிரேயும் விழுங்கும் பொருள் அல்ல, விட்டுவிடலாம்.

மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது வழக்கம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் விழுவது அதுதான். வயிற்று வலிக்குப் பெருங்காயம் கலந்த சூரணம் சாப்பிடுகிறவர்களும் அதில் எந்தப் பெருங்காயம் என்று விசாரிக்க வேண்டும்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தம் இயல்பிலேயே வயிற்றைப் புண்ணாக்கும். போட்டதும் வயிறு எரிந்தால் பழி க்ளூட்டன் மீது விழுகிறது. உண்மையில் அது மருந்தின் குணம். குடல் ஏற்கெனவே புண்பட்டவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடுவது நல்லதல்ல. கோதுமை அலர்ஜி வேறு நோய். அது உள்ளவர்களுக்கு மேலே சொன்ன மில்லிகிராம் கணக்கு பொருந்தாது, கோதுமை ஸ்டார்ச் உள்ள மாத்திரையையே தவிர்க்க வேண்டும்.

மாத்திரையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவை நோயாளியே 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். தமிழிலும் படிவம் உண்டு. எழுதிக் கேட்டும் கம்பெனி வாய் திறக்காவிட்டால், அனுப்பிய கடிதத்தின் நகலோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். பொருளின் தரம், தூய்மை பற்றி அறிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள்.