பெயர் ஸ்டீவ், உரிமையாளர் ஸ்டெபானி
வாடிக்கையாளரிடம் ஆண் பெயரில் பேசினால் வியாபாரம் நடக்கிறது. ஆனால் தொழில் யார் பெயரில் ஏறுகிறது?

தாராவியில் இன்னும் விடியவில்லை. சந்துகளுக்குள் இட்லிக் கொப்பரைகளிலிருந்து ஆவி கிளம்புகிறது. மாவரைப்பது, இட்லி ஊற்றுவது, சட்னி தாளிப்பது என்று பல வீடுகளில் வேலையின் பெரும்பகுதி பெண்கள் கையில். விடிந்ததும் அலுமினியப் பாத்திரம் சைக்கிளில் ஏறுகிறது. ரப்பர் ஹாரன் ஒலிக்கிறது. மும்பைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: 'இட்லி அண்ணா'. அண்ணி ஒருவர் இருப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொழிலில் பெண் தன் பெயரை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. வாடிக்கையாளரே ஓர் ஆண் பெயரைச் சூட்டிவிட்டார். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வீட்டிலிருந்தபடி முறுக்கு, ஊறுகாய், கல்யாணச் சமையல் என்று ஆர்டர் எடுக்கும் பெண்ணின் நிலைமை வேறு. விலை பேச வேண்டும், பாக்கி கேட்க வேண்டும். விசிட்டிங் கார்டில் கணவர் பெயரோ மகன் பெயரோ இருப்பது வீட்டுத் தொழிலில் புதிதல்ல. 'சாரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்ற வாக்கியம் எத்தனையோ பேரங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அந்த சாருக்கு முறுக்கு சுடத் தெரியாவிட்டாலும்.

இந்த உத்தியின் புகழ்பெற்ற உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. 1962இல் ஸ்டெபானி ஷிர்லி என்ற இளம்பெண், 6 பவுன் முதலீட்டில், வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். வாய்ப்புக் கேட்டுக் கடிதங்கள் எழுதினார். பதில் வரவில்லை. ஸ்டெபானி என்பதற்குப் பதில் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார் கணவர். பதில்கள் வரத் தொடங்கின. ஸ்டீவ் என்ற ஆணை எதிர்பார்த்து நேரம் ஒதுக்கியவர்கள் முன்னால் ஸ்டெபானி போய் நின்றார். போனில் பேசும்போது வீட்டுச் சத்தம் கேட்காமலிருக்க டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் ஓடவிட்டார்.

அவருடைய முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். பெரும்பாலானவர்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமும் இவர்கள் எழுதியதுதான். 1975இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு முன்னுரிமை தந்த இந்த நிறுவனம் ஆண்களுக்கும் கதவைத் திறக்க வேண்டிவந்தது. பிற்காலத்தில் 'சான்சா' என்று பெயர் மாறிய இந்நிறுவனம் நொய்டா, புனே, சென்னை ஆகிய இடங்களிலும் அலுவலகம் வைத்திருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு நேர்மாறான உதாரணம் நன்றாகவே தெரியும். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரில் 'சுஜாதா' ஆனார். குமுதத்தில் ஏற்கனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்தார் என்பதுதான் காரணம். வித்தியாசம் கவனிக்கத்தக்கது. ஆண் பெண் பெயரை எடுத்துக்கொண்டது குழப்பத்தைத் தவிர்க்க. பெண் ஆண் பெயரை எடுத்துக்கொண்டது கடிதத்துக்குப் பதில் கிடைக்க.

மும்பையில் மொழியும் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் 'அனுப்புகிறேன்' என்று எழுதினால் எழுதியவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியில் 'பேஜ்தா ஹூம்' என்றால் ஆண், 'பேஜ்தீ ஹூம்' என்றால் பெண். மராத்தியிலும் வினை இப்படித்தான் மாறும். பெயர் விஷயத்தில் மட்டும் தமிழருக்கு ஒரு வசதி. மணி, ராஜம் போன்ற பெயர்களை இனிஷியலோடு பார்க்கும் வடக்கத்திக்காரருக்கு எதுவும் புரிவதில்லை. பெயரை மாற்றாமலே ஆணாக இருந்துகொள்ளலாம், போன் மணி அடிக்கும்வரை.

பெயரை மறைத்தும் பயனில்லாத தொழில்களும் உண்டு. மும்பை சினிமாவில் மேக்கப் போடுவது பல பத்தாண்டுகள் ஆண்களுக்கென்றே இருந்தது. பெண்களுக்குத் தலை அலங்காரம் மட்டும். ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்தின் விதியே அப்படி. கேரவனுக்குள் மறைந்திருந்து மேக்கப் போட்டதாகச் சில பெண்கள் பின்னர் சொன்னார்கள். சாரு குரானா என்ற கலைஞரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது.

இதே நகரத்தில் பெண் என்பதையே பெயரில் போட்டுக்கொண்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். 1959இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அப்பளத் தொழிலின் பெயர் 'ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக்'. அதுதான் லிஜ்ஜத். வாடிக்கையாளர் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அப்பளம் பெண்கள் இடுவது என்பது ஊரறிந்தது. கம்ப்யூட்டரும் கல்யாண கான்டிராக்டும் அப்படியல்ல.

ஆண் பெயரைக் கடன் வாங்குவது தவறா என்பதல்ல கேள்வி. வட்டி எவ்வளவு என்பதுதான். ஷிர்லி கொடுத்தது கையெழுத்தை மட்டும். நிறுவனம் அவருடையதாகவே இருந்தது. அதனால்தான் பங்குகளை ஊழியர்களுக்குப் பகிர்ந்து அவர்களில் 70 பேரை லட்சாதிபதிகளுக்கும் மேலே, பவுன் கணக்கில் மில்லியனர்களாக ஆக்க முடிந்தது. மும்பையின் வீட்டுத் தொழிலில் பெரும்பாலும் கையெழுத்தோடு எல்லாமே போய்விடுகிறது: பில் புத்தகம், வங்கிக் கணக்கு, 'குமாஸ்தா' என்று மும்பை அழைக்கும் கடைப் பதிவு. நாட்டின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் (2013-14) பதிவான சுமார் 5.85 கோடி தொழில்களில் பெண்களுக்குச் சொந்தமானவை சுமார் 80.5 லட்சம்தான். இட்லி ஊற்றும் கைகளை அந்தக் கணக்கு எண்ணவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாடிக்கையாளருக்கு ஆண் பெயர் வேண்டும். சலுகைக்கு மட்டும் பெண் பெயர் வேண்டும். 2021இல் மகாராஷ்டிர அரசு, பெண்கள் பெயரில் வாங்கும் வீட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தது. பத்திரத்தில் ஏறும் மனைவியின் பெயர் கடை போர்டில் மட்டும் ஏறுவதில்லை.

தாராவியில் இது ஏட்டளவு விவாதம் அல்ல. மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அங்கே கேட்கப்படுவது கைப்பக்குவம் அல்ல, காகிதம். மாவு யார் அரைத்தது என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 'உத்யம்' பதிவில் உரிமையாளர் ஆணா பெண்ணா என்ற கேள்வி உண்டு. கட்டணமும் கிடையாது. உண்மையான பெயரை எழுத அதுவே நல்ல இடம்.

2025 ஆகஸ்டில் 91ஆவது வயதில் காலமான ஷிர்லியை நெருங்கியவர்கள் கடைசிவரை ஸ்டீவ் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. சைக்கிளில் போகிறவரும் அண்ணாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பதிவேட்டில் அண்ணியின் பெயர் இருந்தால் போதும்.